மலை எல்லாருக்கும் ஒன்றல்ல: மனக்காயம் பட்டவரோடு கலந்து முடிவெடுத்தல்

திருவண்ணாமலையில் மனநல ஆலோசகராக உட்காருபவரிடம் ஒரே நாளில் வருகிறவர்களில் இருவர் ஒரே மாதிரி இருப்பது அரிது. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து இறங்கும் மலையாளிப் பழங்குடிப் பெண் வருவார். முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு மரம் வெட்டும் இடத்திலோ செங்கல் சூளையிலோ கிடந்து மீண்ட இருளர் குடும்பம் வரும். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்த இளைஞர், கிரிவலப் பாதையில் காவி உடுத்திப் பல வருடமாக உட்கார்ந்திருப்பவர், ரமணாசிரமம் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர், பௌர்ணமிக்கு ஆந்திராவிலிருந்து வந்தவர், செய்யாறு பக்கத்துக் காலணித் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் பெண் என்று வரிசை நீளும். இவர்களுடைய மொழி, சாதி, வழிபாடு, வருமானம் எதுவும் ஒத்துப்போகாது. பலரிடம் பொதுவாக இருப்பது ஒன்றுதான். தன் உடம்புக்கும் உயிருக்கும் என்ன நடக்கிறது என்பதில் தன் பேச்சு எடுபடாமல் போன ஒரு நாளை, அல்லது பல வருடங்களை, அவர்கள் தாண்டி வந்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவரோடு வேலை செய்யும்போது முடிவுகளை அவரோடு கலந்து எடுப்பதை மரியாதைக்காகச் செய்யும் உபரி வேலையாக எண்ணக் கூடாது. சிகிச்சையின் பெரும்பகுதியே அதுதான் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

வாதத்தை இந்த ஊர் மலையிலிருந்தே தொடங்கலாம். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில், அண்ணாமலையார் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 13 அன்று, கார்த்திகை தீபம். மண் இளகிக் கிடந்ததால் அந்த ஆண்டு பக்தர்களை மலையேற விடவில்லை; தீபத் திருப்பணிக்குத் தேவையானவர்கள் மட்டும் ஏறினார்கள். 2,668 அடி உச்சியில் தீபம் வழக்கம்போல எரிந்தது. இந்த ஊரில் ஆலோசகர்கள் கைவசம் வைத்திருக்கும் எளிய பயிற்சி ஒன்று உண்டு. பதற்றத்தோடு வந்தவரைக் கண்ணை மூடச் சொல்லி, "மலையை மனசுல நெனச்சுக்கிட்டு மெதுவா மூச்சு விடுங்க" என்பார்கள். வெளியூரிலிருந்து தேடி வந்தவருக்கு அது உடனே வேலை செய்யும். மலையே சிவம் என்றுதான் அவர் வந்திருக்கிறார். அடிவாரத் தெருவில் இருப்பவருக்கோ மழைக்கால இரவில் மலை என்பது எந்நேரமும் உருண்டு வரக்கூடிய பாறை. அவரிடம் இதே பயிற்சியைச் செய்யச் சொன்னால், ஆறுதல் சொல்கிறோம் என்ற நினைப்பில் அவரை மறுபடி அந்த மண்ணுக்குள் தள்ளிவிடுவோம். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க எந்தப் பட்டப்படிப்பும் உதவாது. "எதை நெனச்சா உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்?" என்று கேட்டிருந்தால் போதும்.

கேட்பது ஏன் சிகிச்சையாகிறது என்பதற்குக் காரணம் காயத்தின் இயல்பிலேயே இருக்கிறது. விபத்து, வன்புணர்வு, சித்திரவதை, போர், கொத்தடிமை வாழ்வு ஆகியவை வெவ்வேறு கொடுமைகள். ஆனால் இவை எல்லாவற்றிலும் மனிதரின் தேர்வு பறிபோகிறது: ஓட முடியவில்லை, மறுக்க முடியவில்லை, கத்தியும் யாரும் வரவில்லை. அதன் பிறகு தூக்கம் கெடுவதும், சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடுவதும், நெஞ்சு திக்குதிக்கென்று அடிப்பதும், ஆபத்து இன்னும் முடியவில்லை என்று உடம்பு நினைத்துக்கொண்டிருப்பதன் அடையாளங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட ‘ட்ரோமா அண்ட் ரிகவரி’ நூலில், பாதிக்கப்பட்டவரின் கையில் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுப்பதையே மீட்சியின் முதல் விதியாக வைத்தார். பாதுகாப்பை நிலைநாட்டுவது, நடந்ததை நினைவுகூர்ந்து துக்கிப்பது, மனிதர்களோடு மறுபடி இணைவது என்ற அவருடைய வரிசை இன்றும் பயன்படுகிறது. அமெரிக்க அரசின் மனநலச் சேவை நிறுவனமான சாம்சா 2014இல் வகுத்த ஆறு நெறிகளில் பாதுகாப்பு, நம்பகம் ஆகியவற்றோடு ‘கூட்டாகச் செய்தல்’ தனி நெறியாகவே இடம்பெற்றது. ஆக, உதவி செய்கிறேன் என்ற பெயரில் நாமே எல்லாவற்றையும் முடிவு செய்தால், நல்லெண்ணத்தோடு பழைய நிலைமையைத்தான் திரும்ப உண்டாக்குகிறோம்.

ஆதாரம் எவ்வளவு வலுவானது?

தர்க்கம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. பலன் தெரிய வேண்டும். எட்வர்ட் போர்டின் 1979இல் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: எதை அடைய வேண்டும் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்வது என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. முதல் இரண்டும் கலந்து பேசாமல் உண்டாகாதவை. 2018இல் கிறிஸ்டோஃப் ஃப்ளூக்கிகர் குழுவினர் 295 ஆய்வுகளை, 30,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இந்த உடன்பாட்டுக்கும் சிகிச்சையின் பலனுக்கும் இடையே 0.28 அளவுக்குத் தொடர்பு தெரிந்தது. அது பிரமாதமான எண் இல்லை. ஆனால் சிகிச்சை முறை எதுவானாலும் விடாமல் தென்பட்ட தொடர்பு அது. அதே ஆண்டு ஜோஷுவா ஸ்விஃப்ட் குழு 53 ஆய்வுகளைத் தொகுத்ததில், விருப்பம் கேட்கப்பட்டு அதன்படி சிகிச்சை பெற்றவர்களைவிட, விருப்பம் கண்டுகொள்ளப்படாதவர்கள் பாதியில் நின்றுவிடுவது தெளிவாகவே அதிகம் என்று தெரிந்தது. ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவர் இரண்டாம் முறை வராமல் போவதுதான் நம் பணியில் அடிக்கடி நேரும் தோல்வி. அந்தத் தோல்விக்கு நேராக இந்த ஆய்வைப் பொருத்திப் பார்க்கலாம்.

இவை பெரும்பாலும் மேலை நாடுகளில் நடந்த ஆய்வுகள், தொடர்பு இருப்பதாலேயே அது காரணமாகிவிடாது என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். அதனால் நமக்கு அருகிலிருக்கும் சான்றைப் பார்ப்போம். 1986இல் சென்னையில் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும், தமிழ்நாட்டில் உள்ள இலங்கை அகதிகள் முகாமில் நடத்திய முயற்சியின் முடிவுகளை 2017இல் வெளியிட்டார்கள். முகாமில் வசிப்பவர்களையே தன்னார்வலர்களாகப் பயிற்றுவித்தார்கள். அவர்கள் ஆபத்தில் இருப்பவரைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். அவரோடு உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்ட அட்டையை எழுதினார்கள். தற்கொலை முயற்சிகள் குறைந்தன. அளவில் சிறிய ஆய்வு அது. ஆனாலும் எது வேலை செய்தது என்று கவனியுங்கள். வெள்ளை கோட்டு போட்டவர் மேலிருந்து சொன்ன அறிவுரை அங்கே இல்லை. தன்னைப் போலவே வரிசையில் நின்று ரேஷன் வாங்குபவரோடு சேர்ந்து எழுதிய அட்டை இருந்தது. 2004 சுனாமிக்குப் பின் உறவினரை இழந்தவர்களிடம் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் செய்த துணைப்பணி பற்றி, 2008இல் வெளியான லட்சுமி விஜயகுமாரின் இன்னொரு ஆய்வும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது.

பாதுகாப்புத் திட்டம் எழுதும்போது கலந்து முடிவெடுப்பது எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பூச்சிமருந்து இருக்கும். "மருந்தை வீட்டுல வெக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினால், தலையாட்டிவிட்டுப் போவார். மருந்து பரண்மேலேயே இருக்கும். "மருந்து டப்பா இப்ப எங்க இருக்கு? வேற யார் வூட்டுல வெச்சா உங்களுக்குச் சரிப்படும்? அவங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டால், பெரியப்பா வீட்டுப் பெட்டி, பூட்டு, சாவி யாரிடம் என்று அவர் வாயிலிருந்தே திட்டம் வரும். அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் படம் போட்டுக்கொள்ளலாம், மகளைக் கூப்பிட்டுக் காதில் போட்டுவைக்கலாம். அதையும் அவரே சொல்லட்டும்.

முதல் சந்திப்பு

முதல் சந்திப்பில் செய்ய வேண்டியது விவரம் சேகரிப்பது என்றுதான் பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். மனக்காயம் பட்டவரிடம் அதற்கு முன்னால் நாம் விவரம் கொடுக்க வேண்டும். நாம் யார், எத்தனை நேரம் பேசுவோம், என்ன எழுதுவோம், எழுதியதை யார் பார்ப்பார்கள் என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். இந்த மாவட்டத்தில் பதிவேடு என்பது பலருக்குப் பயமுறுத்தும் பொருள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அந்த மாவட்டங்களின் மலைக்கிராமங்களிலிருந்து வரும் ஒரு பெண், கணவரின் பெயரையும் ஊரையும் எழுதக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டால், அதை ‘ஒத்துழைக்கவில்லை’ என்று குறிப்பெழுதுவது பெரும் பிழை. அகதிகள் முகாமில் வளர்ந்தவரும் காவல்துறையின் கியூ பிரிவுக் கண்காணிப்பிலேயே வளர்ந்தவர். இவர்களிடம் கோப்பைத் திருப்பிக் காட்டி, "இது மட்டுந்தான் எழுதியிருக்கேன், வேணாம்னு நெனைக்கிறத அடிச்சிரலாம்" என்று சொல்வது பத்து ஆறுதல் வார்த்தைகளுக்குச் சமம்.

அறையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவோம். வருபவரின் நாற்காலி கதவுக்கு எதிர்ப்புறச் சுவரோடு ஒட்டிக் கிடந்து, கதவுக்கும் அவருக்கும் நடுவில் நாம் உட்கார்ந்திருந்தால், அடைபட்டுக் கிடந்த அனுபவம் உள்ளவர் நாம் பேசும் எதையும் கேட்கமாட்டார். இரண்டு நாற்காலிகளைப் பக்கவாட்டில் போட்டுவிட்டு, எங்கே உட்கார்வது, கதவு திறந்திருக்கட்டுமா, ஃபேன் சத்தம் இருக்கட்டுமா என்று அவரையே கேளுங்கள். கூட வந்தவர் விஷயமும் அப்படித்தான். மாமியாரோ அண்ணனோ கூடவே நுழைவது நம் ஊர் வழக்கம். அவர்களை விரட்டுவதும் தவறு, அவர்கள் முன்னாலேயே எல்லாவற்றையும் கேட்பதும் தவறு. எல்லோரையும் உட்காரவைத்துப் பொதுவாகப் பேசிவிட்டு, "எல்லார்கிட்டயும் அஞ்சு நிமிஷம் தனியா பேசுறது எங்க வழக்கம்" என்று சொல்லித் தனியாகச் சந்தித்து, கூட யார் இருக்கலாம் என்பதை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புக்குச் சொந்தக்காரரை வைத்துக்கொள்வதும் இதே காரணத்தால் ஆபத்து. தெலுங்கு பேசும் பெண்ணுக்கு நடந்ததை அவர் கணவர் வாயால் கேட்டால், கணவர் சொல்ல விரும்பியதுதான் நமக்குக் கிடைக்கும்.

கதையைச் சொல்ல வைப்பது

"மனசுல இருக்குறத எல்லாம் கொட்டிடுங்க, பாரம் குறையும்" என்ற நம்பிக்கை ஆலோசகர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதற்கு எதிராகச் சான்று இருக்கிறது. அதிர்ச்சி நடந்த உடனே ஆளை உட்காரவைத்து ஒரே அமர்வில் முழுக்கச் சொல்லவைக்கும் முறையைப் பற்றிய ஆய்வுகளை அலசிய காக்ரன் மதிப்பாய்வு, அந்த முறை பின்னாளைய மனக்காய நோயைத் தடுப்பதில்லை என்று 2002இல் முடிவு கூறியது. ஜொனாதன் பிஸ்ஸன் குழு 1997இல் வெளியிட்ட ஆய்வில், தீக்காயம் பட்டவர்களில் அப்படிச் சொல்லவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதத்தினருக்கு 13 மாதம் கழித்தும் அந்த நோய் இருந்தது. சொல்லவைக்கப்படாதவர்களில் அது 9 சதவீதம்தான். அதே சமயம், நடந்ததைத் திட்டமிட்டுப் படிப்படியாகப் பேசவைக்கும் சிகிச்சைகள் நன்றாக வேலை செய்கின்றன என்பதற்கும் உறுதியான சான்று உண்டு. இரண்டும் முரண்போலத் தோன்றும். சொல்பவர் தயாராக இருக்கிறாரா, எங்கே நிறுத்தலாம் என்பது அவர் கையில் இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

இதைத் தமிழ்நாட்டிலேயே பார்க்கலாம். தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் சேர்ந்து நடத்திய அட்டூழியத்தில் 18 பெண்கள் வன்புணரப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று விசாரணை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. இந்த முப்பத்தொரு ஆண்டுகளில் அந்தப் பெண்கள் தங்களுக்கு நடந்ததை அதிகாரிகளிடமும் வழக்கறிஞர்களிடமும் நீதிமன்றத்திலும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு நேர்மாறாக, வாரணாசியில் இயங்கும் மனித உரிமை அமைப்பான பி.வி.சி.ஹெச்.ஆர்., சித்திரவதைக்கு ஆளானவர்களோடு சாட்சியச் சிகிச்சை என்ற முறையைப் பின்பற்றுகிறது. சிலி நாட்டில் ராணுவ ஆட்சிக் காலத்தில் உருவான முறை இது. பாதிக்கப்பட்டவர் சொல்வதை ஆலோசகர் எழுதிக்கொள்வார், அடுத்த சந்திப்பில் அதை வாசித்துக்காட்டுவார், சொன்னவர் திருத்துவார். அந்த ஆவணத்தை யாரிடம் கொடுப்பது, ஊர்ச் சபையில் வாசிப்பதா என்பதை அவரே முடிவு செய்வார். கதை ஒன்றுதான். அது யாருடைய சொத்தாக நடத்தப்படுகிறது என்பதைப் பொறுத்துக் காயமாகவோ மருந்தாகவோ ஆகிறது. உங்கள் அறையில், கதையின் தொடக்கத்திலேயே ஒரு கை சைகையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையை உயர்த்தினால் அந்த வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிட வேண்டும். முதல் நாள் கதையே வேண்டாம் என்றால், தூக்கம், சாப்பாடு, வேலை பற்றி மட்டும் பேசி அனுப்புவதும் முழுமையான ஒரு சந்திப்புத்தான்.

தியானம், மௌனம், கோவில்

இந்த ஊருக்கென்றே உள்ள சிக்கல் ஒன்று இருக்கிறது. 1896இல் பதினாறு வயதில் மதுரையிலிருந்து இங்கு வந்து, பாதாள லிங்கத்தருகே உடல் நினைவின்றி அமர்ந்திருந்த ரமணரின் ஊர் இது. மௌனத்தை மதிப்பது இங்கே மரபு. ஆகவே பேசாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் விரதத்தில் இருக்கிறாரா, பழைய பயத்தில் உறைந்திருக்கிறாரா என்பதைத் தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் நோயாக்கும் மருத்துவக் கண்ணும் தவறிவிடும். எல்லாவற்றையும் ஞானமாக்கும் பக்தியின் கண்ணும் தவறிவிடும். ஜேரட் லிண்டால், வில்லோபி பிரிட்டன் ஆகியோர் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், மேலை நாடுகளில் பௌத்தத் தியானம் செய்யும் சுமார் 60 பேரை விரிவாக நேர்கண்டது. தியானத்தின்போது கடும் பயம், தூக்கமின்மை, பழைய கொடுமைகள் மறுபடி கண்முன் வருவது போன்றவற்றை அவர்களில் பலர் சொன்னார்கள். தியானம் தீங்கு என்று இதற்குப் பொருளில்லை. கண்ணை மூடி உள்ளே போகச் சொல்வது எல்லாருக்கும் பாதுகாப்பான அறிவுரை இல்லை என்றுதான் பொருள். "கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே செய்யலாம், நடந்துக்கிட்டும் செய்யலாம், வேணாம்னாலும் சரி" என்று மூன்று வழி காட்டுங்கள். கிரிவலம் 14 கிலோமீட்டர் நடை. உட்கார முடியாதவருக்கு நடப்பது சில நேரம் நல்ல மருந்து.

கோவிலுக்குப் போகிறவரிடம் அதை விட்டுவிட்டு மாத்திரைக்கு வா என்று சொல்வதற்கும் சான்று இல்லை. ஆர். ரகுராமும் சக ஆய்வாளர்களும் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரை, தமிழ்நாட்டின் ஒரு கிராமத்து முத்துசுவாமி கோவிலில் வந்து தங்கிய 31 பேரைப் பற்றியது. அங்கே விசேஷச் சடங்குகள் எதுவுமில்லை. குடும்பத்தோடு தங்கினார்கள், எளிய வேலைகள் செய்தார்கள். அவர்களுடைய நோய்க்குறி மதிப்பெண் 52.9இலிருந்து 42.9ஆகக் குறைந்தது. பயமுறுத்தாத, ஆதரவான சூழலே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தர்காவை நாடி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி இறந்தார்கள். இரண்டுமே நம்பிக்கையை நாடிப் போன இடங்கள்தான். ஒன்றில் கட்டாயம் இல்லை, மற்றதில் சங்கிலி இருந்தது. நம்பிக்கை ஒருவருக்கு உதவுமா கெடுக்குமா என்று தீர்மானிக்க முயலும்போது நாம் முதலில் பார்க்க வேண்டிய கோடு அதுவே.

"நீங்களே சொல்லுங்க" என்பவரிடம்

இந்த வாதத்துக்கு எதிரான பெரிய மறுப்பு இனிமேல்தான். நம் மக்கள் அறிவுரை கேட்கத்தான் வருகிறார்கள். "நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்கம்மா" என்பவரிடம் உங்கள் விருப்பம் என்ன என்று திருப்பிக் கேட்டால், இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எழுந்து போய்விடுவார் என்பார்கள். இதை லேசாகத் தள்ள முடியாது. மனநல மருத்துவர் ஜே.எஸ். நெகி 1973இலேயே, இந்தியச் சூழலுக்கு மேலைநாட்டுச் சமநிலை உறவைவிடக் குரு–சீடர் உறவு பொருத்தமான மாதிரியாகலாம் என்று எழுதினார். குருக்களைத் தேடி உலகமே வரும் ஊரில் இந்த வாதத்துக்குக் கூடுதல் வலு. ஆனால் குருவைச் சீடர்தான் தேர்ந்தெடுக்கிறார். பார்த்து, பழகி, சோதித்து, நம்பிக்கை வந்த பிறகு ஒப்படைக்கிறார். அரை மணி முன் டோக்கன் வாங்கி உள்ளே வந்தவருக்கு நம்மோடு அந்த உறவு கிடையாது. அவர் காட்டும் பணிவு நம்பிக்கையாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதிகாரத்தின் முன் கைகட்டி நின்ற பழக்கமாகவும் இருக்கலாம். சாதியாலோ போலீசாலோ முதலாளியாலோ காயப்பட்டவரிடம் அந்தப் பணிவைப் பயன்படுத்திக்கொள்வது எளிது, அதனாலேயே தவறு.

அறிவுரை கேட்பவருக்கு அறிவுரை தரக் கூடாது என்று இந்த அத்தியாயம் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லுங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட வழியாகச் சொல்லுங்கள், ஒவ்வொன்றின் நல்லது கெட்டதையும் சொல்லுங்கள். "இந்த மாதிரி இருந்தவங்க சில பேர் முதல்ல தூக்கத்துக்கு மருந்து எடுத்தாங்க, சில பேர் மருந்து இல்லாம பேசிப் பாத்தாங்க. உங்களுக்கு எது சரிப்படும்னு தோணுது?" என்பது அறிவுரையும் ஆகும், கேள்வியும் ஆகும். "எங்க அண்ணன் சொல்றபடி செய்யறேன்" என்று ஒருவர் தனியாக இருக்கும்போது சொன்னால், அதுவும் அவர் எடுத்த முடிவுதான். அண்ணனை உள்ளே அழையுங்கள். கலந்து முடிவெடுப்பதற்குத் தனிமனிதராக நின்றே தீர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

இலக்கு யாருடையது என்ற கேள்வி கடுமையாகும் இடமும் உண்டு. தன்பாலீர்ப்புள்ள மகனையோ திருநங்கையாக வாழ விரும்பும் பிள்ளையையோ கூட்டிவந்து, "சரி பண்ணிக் குடுங்க" என்று பெற்றோர் கேட்பார்கள். பணம் கொடுப்பவர் அவர்கள் என்பதால் இலக்கு அவர்களுடையதாகிவிடாது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று வழங்கிய ஆணையில், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் ‘சிகிச்சை’யைத் தடை செய்யும்படி கூறினார். அதற்கு முன், தனக்கு இந்த விஷயத்தில் புரிதல் போதவில்லை என்று சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் தானே அமர்ந்து கற்றுக்கொண்டார். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அந்தச் ‘சிகிச்சை’யைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. நீதிபதி ஒருவர் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கேட்டுக் கற்கலாம் என்றால், ஆலோசகரும் தாராளமாகச் செய்யலாம்.

நேரமும் சட்டமும்

அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் ஆளுக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது, இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது அடுத்த மறுப்பு. கலந்து முடிவெடுப்பது நீண்ட உரையாடலைக் கேட்பதில்லை. "இன்னிக்கு எதைப் பத்திப் பேசினா உதவியா இருக்கும்?", "இத இப்ப பேசலாமா, அடுத்த தடவை வெச்சுக்கலாமா?", "நாம பேசினது பிரயோஜனமா இருந்துச்சா?" என்ற மூன்று கேள்விகளுக்கு ஒரு நிமிடம் ஆகும். கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் மனச்சோர்வுக்கு நடத்திய சோதனையின் முடிவுகள் 2017இல் லான்செட் இதழில் வந்தன. மனநலப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்தே ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளில் பலன் காட்டினார்கள். நேரமின்மை உண்மையான குறைதான். ஆனால் வருபவர் பாதியில் நின்றுபோய் ஆறு மாதம் கழித்து மோசமான நிலையில் திரும்பி வருவதற்கு ஆகும் நேரம் அதைவிட அதிகம்.

சட்டம் சொல்லும் கட்டாயங்களை மீற முடியாதே என்பது மூன்றாவது. மீறக் கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், வருபவரின் விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. நோய் முற்றும் காலத்தில் தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் தருகிறது. ஆனால் 18 வயதுக்குட்பட்டவருக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிப்பதா வேண்டாமா என்பதில் தேர்வு இல்லை. எப்படித் தெரிவிப்பது, யார் கூட வருவது, அந்தப் பிள்ளைக்கு முன்கூட்டி என்ன சொல்வது என்பதில் நிறையத் தேர்வு இருக்கிறது. அதனால் ரகசியத்தின் எல்லையைக் கதை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். வயது வந்தவரிடம், "போய் போலீஸ்ல புகார் குடுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லாதீர்கள். 2025 செப்டம்பர் இறுதியில் இதே திருவண்ணாமலையில், ஆந்திராவிலிருந்து வந்த இளம்பெண் ஒருவரை வன்புணர்ந்ததாக இரண்டு காவலர்கள் கைதாகிப் பணிநீக்கமும் செய்யப்பட்டார்கள். காவல் நிலையம், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், சட்ட உதவி மையம் ஆகிய வழிகளையும், ஒவ்வொன்றிலும் கூட யார் வருவார்கள் என்பதையும் சொல்லிவிட்டு, முடிவை அவரிடம் விடுங்கள்.

அறைக்கு வெளியே

கடைசி மறுப்பு ஆலோசகர்களிடமிருந்தே வரும்: நிலமில்லாதவருக்கும் சாதியால் ஒதுக்கப்பட்டவருக்கும் பேச்சு என்ன செய்துவிடும்? தனியாக அதிகம் செய்யாது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், காயம் தனிமனிதரிடம் மட்டுமல்லாமல் குடும்பத்திலும் ஊரிலும் சேர்ந்தே படுகிறது என்று விடாமல் எழுதிவந்தார். இந்த மாவட்டத்தின் தண்டராம்பட்டுப் பக்கத்துத் தென்முடியனூரில், தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோவிலுக்குள் முதன்முறையாகப் போனது 2023 ஜனவரி 30 அன்று, அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. அந்த ஊரிலிருந்து படபடப்போடும் தூக்கமின்மையோடும் ஒருவர் வந்தால், மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லி அனுப்புவது, தவறு அவர் உடம்பில்தான் என்று சொல்வதாகிவிடும். நடந்தது அநியாயம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நலவாரிய அட்டை, இழப்பீடு, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றில் எது இப்போது தேவை என்று அவரைக் கேட்டு, அதற்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். வாச்சாத்திப் பெண்களுக்குத் தீர்ப்பு வாங்கித் தந்தது ஆலோசனை அறை இல்லை. அவர்கள் உறுதியும், கூட நின்ற இயக்கத்தினரும்தான். அந்த உறுதி குலையாமல் இருக்கத் துணைசெய்வதே நம் பங்கு.

இவ்வளவையும் நடைமுறையில் வைத்துக்கொள்ள எளிய வழி உண்டு. அடுத்த வாரத்திலிருந்து உங்கள் குறிப்பேட்டில் ‘இன்று வந்தவர் எடுத்த முடிவு’ என்று ஒரு பத்தி கூட்டிக்கொள்ளுங்கள். நாற்காலியை மாற்றிப் போட்டார், இன்று மகனைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார், அடுத்த முறை தங்கையை அழைத்து வருவதாகச் சொன்னார் என்று எவ்வளவு சிறியதானாலும் எழுதுங்கள். இரவில் அழைக்க ஓர் எண் வேண்டுமென்று கேட்டவருக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸின் 14416ஐ எழுதிக் கொடுத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று சந்திப்புகள் தொடர்ந்து அந்தப் பத்தி காலியாகவே இருந்தால், ‘ஒத்துழைப்பில்லை’ என்று அவர் பெயருக்கு எதிரே எழுதாமல், நீங்கள் வேலை செய்யும் முறையை மாற்றுங்கள்.